எச்சம்

கெயோன் துறைமுகத்தில் மழை
தகரக் கூரைகளை எண்ணிக்கொண்டிருந்தது.
யாஸ்னா கார்க்கமோவும் எண்ணிக்கொண்டிருந்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள்,
சால்மன் ஆலையின் வாடை போகாதவை.
சிலவற்றில் செதில் ஒட்டியிருந்தது.
ஒன்றின் பின்புறம் ஏதோ குழந்தை வரைந்த நாய்.

தாளுக்கு இருபது கேள்வி,
கேள்விக்கு நான்கு வட்டம்:
ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரம், எப்போதும்.
தனிமைக்கு நான்கே படி என்று
யார் அளந்து செய்த ஏணியோ.

மாதத்துக்கு எத்தனை இரவுப் பணி என்பதைக்
கிடைக்கோட்டில் வைத்தாள்.
தனிமையைச் செங்குத்தில்.
திரையில் தூவினாற்போல் புள்ளிகள்,
ஈ மொய்த்த பலகை மாதிரி.
கணக்கு சொன்னது: பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே.
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அன்றிரவு அவள் தூங்கவில்லை.
பெரிய காரணம் ஒன்றுமில்லை, விறகு ஈரம்.
அடுப்பை ஊதிக்கொண்டே ஒரு தாளைப் படித்தாள்.
"கூப்பிட்டால் வர எனக்கு ஆள் உண்டு."
எப்போதும், என்று வட்டம்.
அந்த எப்போதும்-க்கு அவள் போட்டிருந்தது நான்கு.
ஆள் உள்ளவளுக்கு
அவள் கொடுத்திருந்தது முழுத் தனிமை.

ஒன்பது கேள்விகள் அப்படித் திரும்பி நிற்பவை.
ஒன்பதையும் திருப்ப மறந்திருந்தாள்.
நான்கை ஒன்றாக்கினாள், மூன்றை இரண்டாக்கினாள்,
விடிவதற்குள்
புள்ளிகள் எழுந்து வரிசையில் சாய்ந்தன,
மழைக்கு முதுகு காட்டும் ஆடுகள் போல.
புள்ளி நான்கு ஒன்று.

"அப்படியானால் இரவுதான் குற்றவாளியா?"
மேலாளர் எலாடியோ தொலைபேசியில் கேட்டார்.
அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
இரண்டு படகுகள் ஒன்றாக ஏறின,
ஒன்றாக இறங்கின.
இது அதைத் தூக்கவில்லை, அது இதை இழுக்கவில்லை.
கீழே கடல் பெருகி வற்றிக்கொண்டிருந்தது.

வீட்டில் வேறு யாரும் உண்டா
என்ற கேள்வியையும் சமன்பாட்டில் சேர்த்தாள்.
இரவின் பங்கு பாதியானது.
யாருமில்லாதவர்கள்தாம் இரவைக் கேட்டு வாங்குகிறார்கள்.
எலாடியோவுக்கு மகிழ்ச்சி.
"மீதிப் பாதி இன்னும் இருக்கிறது" என்றாள்.
அதற்குள் இணைப்பு போய்விட்டது.

புள்ளி நான்கு ஒன்றை அதனாலேயே பெருக்கினால்
நூற்றுக்குப் பதினேழு.
பதினேழு பங்கைக் கோடு சொல்லும்.
எண்பத்து மூன்று
கோட்டுக்கு மேலும் கீழும்
மழையில் நிற்கிறது.

நூற்றுப் பதினேழாம் தாள்.
பதினொரு வருடமாக இரவு மட்டும்.
வீட்டில் யாரும் இல்லை.
கோடு அவளுக்குக் கணித்த தனிமை ஐம்பத்தெட்டு,
அவள் வட்டமிட்டது இருபத்திரண்டு.
நீக்கிவிடு, எண் நேராகும் என்றது மென்பொருள்,
சிவப்பாக ஒரு குறியும் வைத்தது.

பன்னிரண்டாம் கேள்வி:
"என்னை உண்மையில் அறிந்தவர் யாருமில்லை."
ஒருபோதும் இல்லை-யைச் சுற்றி இரண்டு வட்டம்,
ஓரத்தில் பென்சிலில்:
"பக்கத்துக் கத்திக்காரிக்கு என் இருமல் தெரியும்."

இதை எந்தப் பத்தியில் இடுவது?
கோட்டுக்கும் ஆளுக்கும் நடுவிலுள்ள தூரத்துக்கு
எச்சம் என்று பெயர்.
வந்து, வெட்டி, கழுவி, இருமி
என்று முடியாமல் நிற்கிற சொல்லுக்கும்
அதே பெயர்தான்.
இன்னொரு வினை வரும்வரை அது காத்திருக்கும்.

அவள் நீக்கவில்லை.
எண் கொஞ்சம் கோணலாகவே அறிக்கைக்குப் போனது.

காலை ஆறரைக்கு ஆலைப் பேருந்து வந்து நின்றது.
ரப்பர் காலணிகள், வெளுத்த விரல்கள்,
யாரும் யாரோடும் பேசவில்லை.
படியில் ஒருத்தி இருமினாள்.
முன்னால் நின்றவள்
திரும்பிப் பார்க்காமலே
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அது நூற்றுப் பதினேழா என்று
யாஸ்னாவுக்குத் தெரியாது.
தாள்களில் பெயர் இல்லை.
அப்படி இருக்கக் கூடாதென்று
கையெழுத்திட்டவள் அவள்தான்.